ரீபூட்டுக்குப் பிறகு போஸ்ட்கிரெஸ் எழும்பவில்லையா?

நேற்று வரை ஓடிக்கொண்டிருந்த போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், கெர்னல் அப்டேட்டுக்காக சர்வரை ஒருமுறை ரீபூட் செய்ததும் எழும்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. அந்தப் பதற்றத்தில் பலரும் என்ன செய்வார்கள் என்றால், முதலில் ஸ்டார்ட் கமாண்டையே நாலைந்து முறை அடித்துப் பார்ப்பார்கள், அப்புறம் இணையத்தில் தேடிக் கண்ணில் பட்ட முதல் பதிலை நம்பி போஸ்ட்மாஸ்டர்.பிஐடி ஃபைலை (ஓடும் சர்வரின் புரோசஸ் எண்ணைக் குறித்து வைக்கும் ஃபைல்) அழிப்பார்கள், அதற்கும் மசியவில்லை என்றால் டேட்டா டைரக்டரிக்கு, எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் 777 பெர்மிஷன் போட்டுவிடுவார்கள். முதலாவதால் பயன் இல்லை. இரண்டாவது ஆபத்து. மூன்றாவதைச் செய்தால் ஓடியிருக்க வேண்டிய போஸ்ட்கிரெஸும் ஓடாது, ஏனென்றால் அந்த டைரக்டரியின் பெர்மிஷன் 700 அல்லது 750 ஆக இல்லாவிட்டால் அது கிளம்பவே மறுத்துவிடும்.

ரீபூட் மேல் பழி போடும் முன் ஒரு விஷயம். ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரெஸுக்கு ரீலோட் கொடுக்கும்போது கான்ஃபிக் ஃபைலில் தப்பு இருந்தால், லாகில் ஒரு வரி முனகிவிட்டுப் பழைய செட்டிங்கோடு அது பாட்டுக்கு ஓடும். அதே ஃபைலை வைத்துப் புதிதாக ஸ்டார்ட் செய்தால் அங்கேயே நின்றுவிடும். ஆக, ஆறு மாதம் முன்பு யாரோ பிஜி_எச்பிஏ.கான்ஃப் ஃபைலில் (யார் எங்கிருந்து கனெக்ட் ஆகலாம் என்று சொல்வது) ஒரு வரியைத் தப்பாகச் சேர்த்து, ரீலோடும் கொடுத்து, "எல்லாம் ஓடுது" என்று போயிருப்பார். அது இன்றைய ரீபூட்டில் வெடிக்கும். அதனால் நேற்று என்ன மாற்றினோம் என்று யோசித்தால் போதாது. கடைசியாக ஒழுங்காக ஸ்டார்ட் ஆன நாளிலிருந்து இன்று வரை இந்த மெஷினில் என்னென்ன மாறியது என்று யோசிக்க வேண்டும்.

கீழே சொல்வதெல்லாம் ரெட் ஹாட், ராக்கி, ஆல்மா போன்ற மெஷினில் போஸ்ட்கிரெஸ் குழுவின் ஆர்பிஎம் பேக்கேஜாகப் போட்ட 16ஆம் வெர்ஷனை மனதில் வைத்து எழுதியது. டெபியன், உபுண்டு எங்கே வேறுபடுகிறதோ அங்கே சொல்கிறேன். கமாண்டுகள், ஃபைல் பெயர்கள் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில், மறுத்தது யார்?

டேட்டாபேஸ் எழும்புவதில் மூன்று பேர் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள்: சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைக் கிளப்பிப் பார்த்துக்கொள்ளும் புரோகிராம்), நடுவில் இருக்கும் ஸ்கிரிப்ட், கடைசியில் போஸ்ட்கிரெஸ். மூவரில் யார் முடியாது என்றது என்று தெரியாமல் கை வைக்காதீர்கள். சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்-16 என்று அடித்து, வரும் பத்துப் பன்னிரண்டு வரிகளையும் பொறுமையாகப் படியுங்கள். சிவப்பில் ஃபெயில்டு என்று பார்த்ததும் பலர் மேற்கொண்டு படிப்பதே இல்லை.

லோடட் என்ற வரியில் எந்த யூனிட் ஃபைல் (சர்வீஸை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் ஃபைல்) எடுக்கப்பட்டது, சர்வீஸ் எனேபிள் ஆகியிருக்கிறதா (பூட்டில் தானாகக் கிளம்புமா) என்ற இரண்டும் இருக்கும். அங்கே டிசேபிள்டு என்றும், அடுத்த வரியில் ஃபெயில்டு இல்லாமல் இன்ஆக்டிவ் (டெட்) என்றும் இருந்தால் கோளாறே இல்லை, யாரும் அதை ஸ்டார்ட் செய்யச் சொல்லவில்லை என்பதுதான் விஷயம். இன்ஸ்டால் செய்த அன்று கையால் ஸ்டார்ட் செய்துவிட்டு எனேபிள் செய்ய மறந்திருப்பார்கள், சர்வர் ஒரு வருடம் ரீபூட் ஆகாமல் ஓடியிருக்கும். சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் கொடுத்தால் முடிந்தது, மீதியைப் படிக்க வேண்டியதில்லை.

ஃபெயில்டு என்றால் ஸ்டேட்டஸ் எண்ணைப் பாருங்கள். 203/எக்ஸெக் என்றால் சிஸ்டம்டியால் அந்த புரோகிராமை ஓட்டவே முடியவில்லை: பாத் தப்பு, எக்ஸிக்யூட் பெர்மிஷன் இல்லை, அல்லது ஸ்கிரிப்டின் முதல் வரியில் சிக்கல். 217/யூசர் என்றால் யூனிட் ஃபைலில் சொன்ன யூசர் மெஷினில் இல்லை. 200/சிஎச்டிஐஆர் என்றால் வொர்க்கிங் டைரக்டரிக்குள் போக முடியவில்லை. இந்த மூன்றிலும் போஸ்ட்கிரெஸ் இன்னும் காட்சிக்கே வரவில்லை, அதன் லாகைத் தேடிப் பிரயோஜனம் இல்லை. ஸ்டேட்டஸ் 1 என்றால் ஓடிப்போய் ஏதோ பிடிக்காமல் வெளியே வந்திருக்கிறது, அது போஸ்ட்கிரெஸாகவும் இருக்கலாம் ஸ்கிரிப்டாகவும் இருக்கலாம். கில்டு என்று இருந்தால் யாரோ கொன்றிருக்கிறார்கள். டைம்-அவுட்டாக இருக்கலாம், அல்லது மெமரி தீர்ந்து கெர்னல் கொன்றிருக்கலாம், பின்னதை டிமெஸ்ஜி கமாண்ட் காட்டிக்கொடுக்கும்.

"ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிப்பீட்டட் டூ குவிக்லி" என்று வந்தால் அதைக் காரணம் என்று நினைத்துத் தேடப் போய்விடாதீர்கள். 10 வினாடிக்குள் 5 முறைக்கு மேல் ஸ்டார்ட் செய்யப் பார்த்தால் சிஸ்டம்டி கதவைச் சாத்திவிடும், அவ்வளவுதான். உண்மையான காரணம் அதற்கு மேலே இருக்கும் வரிகளில் கிடக்கும். சிஸ்டம்சிடிஎல் ரீசெட்-ஃபெயில்டு கொடுத்துவிட்டு ஒரே ஒரு முறை ஸ்டார்ட் செய்து என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

டெபியன், உபுண்டுக்காரர்களுக்கு இங்கே ஒரு பொறி உண்டு. அங்கே போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற சர்வீஸ் வெறும் பொம்மை, அது ஓட்டுவது ட்ரூ என்ற ஒன்றும் செய்யாத கமாண்டை. அதனால் டேட்டாபேஸ் செத்துக் கிடந்தாலும் பச்சை நிறத்தில் ஆக்டிவ் (எக்சிட்டெட்) என்றுதான் காட்டும். உண்மையான சர்வீஸின் பெயர் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்@16-மெயின். பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் என்று அடித்தால் எந்தக் கிளஸ்டர் (ஒரு போஸ்ட்கிரெஸ் சர்வரும் அதன் டேட்டாவும்) எந்த போர்ட்டில், ஆன்லைனா டவுனா, லாக் ஃபைல் எங்கே என்று ஒரே வரியில் வந்துவிடும். மேனேஜரிடம் "சர்வீஸ் ஓடுதே சார்" என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

லாக் எங்கே ஒளிந்திருக்கிறது

ஜர்னல்சிடிஎல் -யு போஸ்ட்கிரெஸ்க்யூஎல்-16 -பி --நோ-பேஜர் என்று கொடுத்தால் இந்த பூட்டில் அந்த சர்வீஸ் பற்றிய எல்லாம் வரும். நோ-பேஜர் முக்கியம், இல்லாவிட்டால் நீளமான வரிகள் திரையின் ஓரத்தில் வெட்டுப்படும், வெட்டுப்படுவது எப்போதும் நமக்கு வேண்டிய பாதியாகத்தான் இருக்கும்.

பல சமயம் ஜர்னலில் போஸ்ட்கிரெஸ் சொல்லும் கடைசி வரி, லாகை லாகிங் கலெக்டருக்குத் திருப்பிவிட்டேன், இனி லாக் என்ற டைரக்டரியில் பார் என்பதாக இருக்கும். அந்த டைரக்டரி டேட்டா டைரக்டரிக்கு உள்ளே இருப்பது: /வார்/லிப்/பிஜிஎஸ்க்யூஎல்/16/டேட்டா/லாக். ஆர்பிஎம் பேக்கேஜில் ஃபைல் பெயர் கிழமையின் சுருக்கத்தில் முடியும், திங்கள் என்றால் மன், செவ்வாய் என்றால் டியூ. அடுத்த வாரம் அதே கிழமையில் அதே ஃபைல் மேலெழுதப்படும், அதனால் சண்டையெல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்துக் காரணம் தேடினால் கிடைக்காது. இப்போதே ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

லாக் தேடுவதே பெரும்பாடாக இருந்தால் எனக்குப் பிடித்த வழி ஒன்று: சிஸ்டம்டியை நகர்த்திவிட்டு போஸ்ட்கிரெஸை நேராகத் திரையிலேயே ஓட்டுவது. சூடோ -யு போஸ்ட்கிரெஸ், அதன்பின் /யூஎஸ்ஆர்/பிஜிஎஸ்க்யூஎல்-16/பின்/போஸ்ட்கிரெஸ், அதன்பின் பெரிய எழுத்து -டி போட்டு டேட்டா டைரக்டரியின் பாத், கடைசியில் சிறிய எழுத்து -சி லாகிங்_கலெக்டர்=ஆஃப். இப்படிக் கொடுத்தால் அது சொல்ல வேண்டியதை உங்கள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடும். ரூட்டாக ஓட்டப் பார்க்காதீர்கள், ஒப்புக்கொள்ளாது.

இதில் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, இங்கேயும் ஃபேட்டல் என்று விழும், அப்படியென்றால் பிரச்சினை போஸ்ட்கிரெஸின் வீட்டுக்குள்ளே. இன்னொன்று, கனெக்ஷன் ஏற்கத் தயார் என்று சொல்லி ஜம்மென்று ஓடும். அப்படியென்றால் டேட்டாபேஸ் மேல் தப்பே இல்லை. சிஸ்டம்டி, ஸ்கிரிப்ட், என்விரான்மென்ட், எஸ்இ-லினக்ஸ் (லினக்ஸின் கூடுதல் பாதுகாப்புக் கட்டுப்பாடு) இவற்றில் ஒன்று. தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். பார்த்து முடித்ததும் கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்திவிட வேண்டும், ஓடவிட்டுவிட்டு இன்னொரு டெர்மினலில் சர்வீஸை ஸ்டார்ட் செய்தால் புதுக் குழப்பம்.

கான்ஃபிக் என்றால்

கான்ஃபிக் தப்பென்றால் ஃபைல் பெயரும் வரி எண்ணும் சேர்ந்தே வரும், திருத்துவது எளிது. ஆனால் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.கான்ஃப் ஃபைலில் ஷேர்டு_பஃபர்ஸை (போஸ்ட்கிரெஸ் தனக்கென எடுத்துக்கொள்ளும் மெமரியின் அளவு) சரியாக மாற்றிய பிறகும் அதே பழைய எண்ணைச் சொல்லி விழுகிறது என்றால், யாரோ ஆல்டர் சிஸ்டம் கமாண்டில் அதை மாற்றியிருக்கிறார்கள். அது போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.ஆட்டோ.கான்ஃப் என்ற தனி ஃபைலில் போய் உட்காரும், முக்கிய ஃபைலை அது மிஞ்சும். அந்த ஃபைலின் தலையில் கையால் திருத்தாதே என்று எழுதியிருக்கும். சர்வர் ஓடவில்லை, ஆல்டர் சிஸ்டம் ரீசெட் எப்படிக் கொடுப்பது? கமாண்ட் லைனில் -சி போட்டுத் தரும் மதிப்பு இரண்டு ஃபைலையும் மிஞ்சும் என்பதால், மேலே சொன்னபடி கையால் ஓட்டும்போதே -சி ஷேர்டு_பஃபர்ஸ்=2ஜிபி என்று சின்ன எண்ணாகக் கொடுத்து எழுப்பி, உள்ளே போய் ரீசெட் செய்துவிட்டு, நிறுத்தி, பிறகு முறையாக ஸ்டார்ட் செய்யலாம். அவசரத்தில் அந்த வரியை எடிட்டரில் நீக்கினாலும் குடி முழுகிவிடாது, அது சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான்.

ஷேர்டு_பிரீலோட்_லைப்ரரீஸ் வரியில் பெயர் இருந்து, மெஷினில் அந்த லைப்ரரி இல்லை என்றாலும் ஸ்டார்ட் ஆகாது. புது மெஷினுக்கு கான்ஃபிக்கை அப்படியே காப்பி செய்தவர்கள் கான்ட்ரிப் பேக்கேஜை இன்ஸ்டால் செய்ய மறந்திருப்பார்கள், பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் கிடைக்கவில்லை என்று நிற்கும்.

எஸ்எஸ்எல் போட்டிருந்தால் பிரைவேட் கீ ஃபைலை மற்றவர்கள் படிக்கும்படி விட்டிருந்தாலும் மறுக்கும். போஸ்ட்கிரெஸ் யூசருக்குச் சொந்தம் என்றால் 600, ரூட்டுக்குச் சொந்தம் என்றால் 640 வரை பொறுத்துக்கொள்ளும். சர்டிஃபிகேட் புதுப்பிக்கும் ஸ்கிரிப்ட் இதை மாற்றிவிட்டுப் போயிருக்கும்.

இந்த வகை முழுவதையும் ரீபூட்டுக்கு முன்பே பிடித்துவிடலாம், அது பலருக்குத் தெரிவதில்லை. சர்வர் ஓடும்போதே பிஜி_ஃபைல்_செட்டிங்ஸ் என்ற வியூவையும் பிஜி_எச்பிஏ_ஃபைல்_ரூல்ஸ் என்ற வியூவையும் செலக்ட் செய்து, எரர் என்ற காலம் காலியாக இல்லாத வரிகளை மட்டும் பாருங்கள். முன்னது 9.5 முதல், பின்னது 10 முதல் இருக்கிறது. ஃபைலில் இப்போது இருப்பதைத்தான் அவை காட்டும், மெமரியில் ஓடுவதை அல்ல. மெயின்டனன்ஸ் விண்டோவுக்கு முந்தைய நாள் இதைப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

கையால் ஓடுகிறது, பூட்டில் ஓடவில்லை

அதிக நேரத்தைத் தின்னும் வகை இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டேட்டா டைரக்டரி தனி டிஸ்க்கில் இருக்கிறது, பூட்டின்போது அந்த டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை, அல்லது போஸ்ட்கிரெஸ் கிளம்பிய பிறகு மவுண்ட் ஆகிறது. அப்போது லாகில், டைரக்டரி இல்லை அல்லது காலியாக இருக்கிறது, போஸ்ட்கிரெஸ்க்யூஎல்-16-செட்டப் இனிட்டிபி என்று ஓட்டினால் சரியாகும் என்று ஒரு வரி வரும். தயவுசெய்து அதை நம்பி ஓட்டாதீர்கள். ஏற்கெனவே டேட்டா இருந்த மெஷினில் இந்த மெசேஜ் வந்தால் அர்த்தம் ஒன்றுதான், டேட்டா இருக்கும் டிஸ்க் இங்கே வந்து சேரவில்லை. இனிட்டிபி ஓட்டினால் வெறும் மவுண்ட் பாயிண்டில், ரூட் டிஸ்க்கின் மேலேயே, புத்தம் புதிய காலி டேட்டாபேஸ் உருவாகும். அப்ளிகேஷனும் அதில் டேபிள்களை உருவாக்கி எழுத ஆரம்பித்துவிட்டால், பழைய டேட்டா ஒரு டிஸ்க்கில், புதிய டேட்டா இன்னொன்றில், இரண்டையும் சேர்ப்பதற்குள் விடிந்துவிடும். முதலில் ஃபைண்ட்மவுண்ட், எல்எஸ்பிஎல்கே இரண்டையும் அடித்து, டிஸ்க் எங்கே என்று பாருங்கள். எஃப்எஸ்டேப் ஃபைலில் (பூட்டில் எந்த டிஸ்க்கை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) வரி இல்லையா, இருந்தும் நோஃபெயில் போட்டு அமைதியாகத் தாண்டிப் போயிருக்கிறதா, யூயூஐடி மாறிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

திரும்ப நடக்காமல் இருக்க, யூனிட்டுக்கு ஒரு ஓவர்ரைடு (மூல ஃபைலைத் தொடாமல் மாற்றங்களை மட்டும் எழுதும் தனி ஃபைல்) எழுதுங்கள். சிஸ்டம்சிடிஎல் எடிட் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்-16 என்று கொடுத்து, யூனிட் பகுதியில் ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்= என்று போட்டு டேட்டா பாத்தைச் சேர்த்தால், அந்த டிஸ்க் வராமல் சர்வீஸ் கிளம்பாது. இன்னொன்று, மவுண்ட் பாயிண்டையே டேட்டா டைரக்டரியாக வைக்காமல் அதற்குள் ஒரு சப்-டைரக்டரியை வையுங்கள், மவுண்ட் பாயிண்ட் ரூட்டுக்கே சொந்தமாக இருக்கட்டும். டிஸ்க் இல்லாதபோது அங்கே எதையும் உருவாக்க போஸ்ட்கிரெஸ் யூசருக்கு அனுமதியே இருக்காது.

அடுத்தது நெட்வொர்க். லிசன்_அட்ரஸஸ் செட்டிங்கில் நட்சத்திரக் குறி இல்லாமல் குறிப்பிட்ட ஐபி எழுதியிருந்தால், அந்த ஐபி இன்டர்ஃபேஸில் ஏறுவதற்கு முன் போஸ்ட்கிரெஸ் கிளம்பினால் பைண்ட் செய்ய முடியாது. இதில் விஷமம் என்னவென்றால், லோக்கல்ஹோஸ்டும் சேர்த்து எழுதியிருந்தால் அது ஒரு வார்னிங்கோடு ஸ்டார்ட் ஆகிவிடும். சர்வீஸ் பச்சை, மெஷினுக்குள்ளிருந்து கனெக்ட் ஆகிறது, வெளியிலிருந்து மட்டும் முடியாது. ஃபயர்வால் டீமோடு அரை நாள் சண்டை போட்ட பிறகு யாராவது எஸ்எஸ் -எல்டிஎன் (எந்த ஐபி, எந்த போர்ட்டில் சர்வர் காத்திருக்கிறது என்று காட்டும் கமாண்ட்) அடித்துப் பார்ப்பார்கள். ஆஃப்டர்=, வான்ட்ஸ்= இரண்டிலும் நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட் போடுங்கள், வெறும் நெட்வொர்க்.டார்கெட் போதாது, ஐபி வந்துசேர்ந்தது என்பதற்கு அது உத்தரவாதம் தராது.

சாக்கெட் டைரக்டரியான /வார்/ரன்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல் இருப்பது மெமரியில், ரீபூட்டில் காணாமல் போகும். பேக்கேஜாகப் போட்டவர்களுக்கு டிம்ப்ஃபைல்ஸ் செட்டிங் அதைத் திரும்ப உருவாக்கிவிடும். சோர்ஸிலிருந்து கம்பைல் செய்து, எம்கேடிஐஆர் கையால் அடித்தவர்களுக்கு லாக் ஃபைல் (பதிவு லாக் அல்ல, சாக்கெட்டைப் பூட்டி வைக்கும் ஃபைல்) உருவாக்க முடியவில்லை, அப்படி ஒரு டைரக்டரி இல்லை என்று வரும். சர்வீஸ் பகுதியில் ரன்டைம்டைரக்டரி=போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஹியூஜ் பேஜஸும் (கெர்னல் பெரிய துண்டுகளாக ஒதுக்கி வைக்கும் மெமரி) இதே கதைதான். ஹியூஜ்_பேஜஸ்=ஆன் என்று வைத்துவிட்டு, விஎம்.என்ஆர்_ஹியூஜ்பேஜஸ் எண்ணை சிஸ்சிடிஎல் -டபிள்யூ மூலம் ஓடும் கெர்னலில் மட்டும் ஏற்றியிருந்தால் ரீபூட்டில் அது பூஜ்யமாகிவிடும், போஸ்ட்கிரெஸ் மெமரி கிடைக்கவில்லை என்று விழும். எண்ணை /இடிசி/சிஸ்சிடிஎல்.டி க்குள் எழுத வேண்டும். எத்தனை பேஜ் வேண்டும் என்று கணக்குப் போட்டு மண்டையை உடைக்க வேண்டாம், 15ஆம் வெர்ஷனிலிருந்து போஸ்ட்கிரெஸ், பெரிய எழுத்து -சி, ஷேர்டு_மெமரி_சைஸ்_இன்_ஹியூஜ்_பேஜஸ் என்று கேட்டால் அதுவே சொல்லும். சர்வர் நின்றிருக்கும்போதுதான் கேட்க வேண்டும்.

அப்புறம் எஸ்இ-லினக்ஸ். எல்எஸ் -எல் போட்டுப் பார்த்தால் ஓனர், பெர்மிஷன் எல்லாம் கச்சிதம், ஆனாலும் பெர்மிஷன் டினைடு. கையால் ஓட்டினால் ஓடுகிறது, ஏனென்றால் உங்கள் டெர்மினலுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, சிஸ்டம்டி ஓட்டும்போதுதான் உண்டு. மூன்று இடங்களில் இது வழக்கமாக மாட்டும்: டேட்டாவை /டேட்டா போன்ற புது இடத்துக்கு மாற்றியது, 5432 இல்லாமல் 5433 போன்ற வேறு போர்ட் வைத்தது, ரூட்டின் ஹோம் டைரக்டரியில் வைத்துத் திருத்திய கான்ஃபிக் ஃபைலை எம்வி செய்து கொண்டுவந்தது. எம்வி செய்தால் பழைய லேபிள் (எஸ்இ-லினக்ஸ் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒட்டும் அடையாளம்) கூடவே வரும், அதைப் பலரும் கவனிப்பதில்லை. ஏயூசர்ச் -எம் ஏவிசி -டிஎஸ் ரீசன்ட் என்று அடித்தால் எது தடுக்கப்பட்டது என்று தெரியும். கான்ஃபிக் ஃபைல் என்றால் ரீஸ்டோர்கான் போதும். புது இடம் என்றால் முதலில் செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் மூலம் அந்த பாத்துக்கு போஸ்ட்கிரெஸ்க்யூஎல்_டிபி_டி லேபிளைப் பதிவு செய்துவிட்டு அப்புறம் ரீஸ்டோர்கான் -ஆர்வி. போர்ட் என்றால் செமேனேஜ் போர்ட்டில் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்_போர்ட்_டி. சந்தேகம் தீர்க்க செட்என்ஃபோர்ஸ் 0 போட்டு ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்க்கலாம், பார்த்த கையோடு 1 க்குத் திருப்பிவிட வேண்டும். நிரந்தரமாக டிசேபிள் செய்து பிரச்சினையை முடிப்பது, வாசல் பூட்டு இறுகுகிறது என்று கதவையே கழற்றி வைப்பது மாதிரி.

சொந்தமாக எழுதிய ஸ்கிரிப்ட்

பழைய இனிட்.டி ஸ்கிரிப்டை அப்படியே ஒரு யூனிட் ஃபைலுக்குள் திணித்தவர்களுக்கு இந்தப் பகுதி.

டேட்டாபேஸ் லாகில், கனெக்ஷன் ஏற்கத் தயார் என்று வந்த அடுத்த நொடியே "ரிசீவ்டு ஸ்மார்ட் ஷட்டவுன் ரிக்வெஸ்ட்" என்று வருகிறதா? யூனிட்டில் டைப்= எழுதாமல் விட்டிருப்பீர்கள், அல்லது சிம்பிள் என்று வைத்திருப்பீர்கள். உங்கள் ஸ்கிரிப்ட் பிஜி_சிடிஎல் ஸ்டார்ட் கொடுத்துவிட்டுத் தன் வேலை முடிந்தது என்று வெளியேறும். சிஸ்டம்டியோ முக்கிய புரோசஸ் முடிந்துவிட்டது, மிச்சம் மீதி இருப்பதைக் கூட்டிப் பெருக்குவோம் என்று போஸ்ட்கிரெஸுக்கு டெர்ம் சிக்னல் அனுப்பும். பிஜி_சிடிஎல் வழியாக என்றால் டைப்=ஃபோர்க்கிங், கூடவே பிஐடிஃபைல்= போட்டு போஸ்ட்மாஸ்டர்.பிஐடி பாத். போஸ்ட்கிரெஸை நேரடியாக ஓட்டினால் டைப்=நோட்டிஃபை, என் பரிந்துரை இதுதான், நடுவில் ஸ்கிரிப்டே வேண்டாம். ஆனால் சோர்ஸிலிருந்து கம்பைல் செய்தபோது --வித்-சிஸ்டம்டி கொடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தயார் என்ற செய்தி சிஸ்டம்டிக்குப் போகவே போகாது, டேட்டாபேஸ் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே காத்திருந்து காத்திருந்து கொன்றுவிடும். பிஜி_கான்ஃபிக் --கான்ஃபிகர் அடித்தால் எப்படிக் கம்பைல் ஆனது என்று தெரியும்.

டெர்மினலில் ஸ்கிரிப்ட் ஓடுகிறது, சர்வீஸாக ஓடவில்லை என்றால் என்விரான்மென்ட். போஸ்ட்கிரெஸ் யூசரின் பேஷ்_புரொஃபைலில் இருக்கும் பிஜிடேட்டா, பாத், எல்டி_லைப்ரரி_பாத் எதையும் சிஸ்டம்டி படிக்காது. என்வ் -ஐ முன்னால் போட்டு ஸ்கிரிப்டை ஓட்டிப் பாருங்கள், அதே தோல்வி கையிலேயே கிடைக்கும். ஸ்கிரிப்டுக்குள் எங்கே நிற்கிறது என்று பார்க்க பேஷ் -எக்ஸ். விண்டோஸ் மெஷினில் திருத்தி அனுப்பிய ஸ்கிரிப்ட் என்றால் முதல் வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கேரேஜ் ரிட்டர்ன் ஒட்டிக்கொண்டிருக்கும், மேலே சொன்ன 203 அதனாலும் வரும். டாஸ்2யுனிக்ஸ் ஒருமுறை ஓட்டினால் சரி. எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் பைப், ரீடைரக்ட் எல்லாம் எழுதினால் வேலை செய்யாது, அது ஷெல் அல்ல.

/யூஎஸ்ஆர்/லிப்/சிஸ்டம்டி க்குள் இருக்கும் ஃபைலை நேரடியாகத் திருத்தியிருந்தால் அடுத்த பேக்கேஜ் அப்டேட்டில் எல்லாம் போய்விடும். ஓவர்ரைடாக எழுதுங்கள். எக்ஸெக்ஸ்டார்ட்டை மாற்றும்போது முதலில் எக்ஸெக்ஸ்டார்ட்= என்று ஒரு காலி வரி, அப்புறம் புதிய வரி. கையால் ஃபைலைத் தொட்டிருந்தால் டீமன்-ரீலோட். கடைசியில் என்னதான் அமலில் இருக்கிறது என்பதை சிஸ்டம்சிடிஎல் கேட் காட்டும்.

அந்த பிஐடி ஃபைல்

போஸ்ட்மாஸ்டர்.பிஐடி ஏற்கெனவே இருக்கிறது என்று சொன்னால் உடனே அழிக்கச் சொல்லும் அறிவுரைதான் இணையம் முழுக்க. பழைய, செல்லாத பிஐடி ஃபைலை போஸ்ட்கிரெஸ் தானே கண்டுபிடித்து நீக்கிவிடும். அந்த எண்ணில் ஒரு புரோசஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் புகார் சொல்கிறது. ஆகவே அது புகார் சொன்னால் நம்புங்கள். ஃபைலின் முதல் வரி புரோசஸ் எண், நாலாவது வரி போர்ட். பிஎஸ் -பி அந்த எண்ணைக் கொடுத்து யார் என்று பாருங்கள். போஸ்ட்கிரெஸே என்றால் அது ஏற்கெனவே ஓடுகிறது, சிஸ்டம்டிக்கு வெளியே யாரோ பிஜி_சிடிஎல் அடித்திருக்கிறார்கள். முறையாக நிறுத்திவிட்டு சர்வீஸாகக் கிளப்புங்கள். அதே போஸ்ட்கிரெஸ் யூசரின் வேறு ஏதோ புரோசஸுக்குத் தற்செயலாக அந்த எண் கிடைத்திருந்தால் மட்டும்தான் ஃபைலை அழிக்கலாம். டேட்டா இரண்டு மெஷின்கள் பார்க்கும் ஷேர்டு ஸ்டோரேஜில் இருந்தால் இன்னும் கவனம், இன்னொரு மெஷினில் ஓடும் புரோசஸை இந்த மெஷினிலிருந்து பார்க்க வழியில்லை. இரண்டு சர்வர் ஒரே டேட்டாவில் எழுதினால் மிஞ்சுவது பேக்கப் மட்டும்தான்.

டிஸ்க் நிறைந்திருந்தால்

டிஎஃப் -எச் அடியுங்கள், கூடவே டிஎஃப் -ஐ. இடம் இருந்தும் ஐநோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) தீர்ந்திருக்கலாம். பிஜி_வால் டைரக்டரி (டேட்டாவில் நடக்கும் மாற்றங்களை முன்கூட்டியே எழுதி வைக்கும் வால் ஃபைல்கள் இருக்கும் இடம்) பெரிதாக இருக்கும், அழிக்கக் கை பரபரக்கும். அதிலிருந்து ஒரு ஃபைலைக்கூட கையால் அழிக்காதீர்கள், கிராஷுக்குப் பின் டேட்டாபேஸ் மீள்வது அதை வைத்துத்தான். அதற்கு முன்பு பிஜி_எக்ஸ்லாக் என்று பெயர் இருந்தது, லாக்தானே என்று அழித்துவிட்டு அழுதவர்கள் அதிகம், அதனாலேயே 2017இல் வந்த 10ஆம் வெர்ஷனில் பெயரை மாற்றினார்கள். பழைய சர்வர் லாக், டிஎன்எஃப் கேஷ், ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ், இவற்றிலிருந்து இடம் எடுங்கள். ஈஎக்ஸ்டி4 என்றால் ரூட்டுக்காக 5 சதவீதம் ஒதுக்கி வைத்திருக்கும், டியூன்2எஃப்எஸ் -எம் 1 கொடுத்தால் பெரிய டிஸ்க்கில் சட்டென்று சில ஜிபி கிடைக்கும். எழுந்ததும் பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ், பிஜி_ஸ்டாட்_ஆர்கைவர் இரண்டையும் பாருங்கள், நகல் சர்வருக்காக வைத்துக் கைவிடப்பட்ட ஸ்லாட்டோ தோற்றுக்கொண்டே இருக்கும் ஆர்கைவ் கமாண்டோ வால் ஃபைல்களைப் பிடித்து வைத்திருக்கும்.

எழும்பிக்கொண்டிருக்கிறது, நாம்தான் பொறுக்கவில்லை

கரன்ட் போய் மெஷின் அணைந்திருந்தால் போஸ்ட்கிரெஸ் முதலில் ரெக்கவரி ஓட்டும், பெரிய டேட்டாபேஸில் அது நிமிடக்கணக்கில் போகும். சிஸ்டம்டியின் வழக்கமான டைம்-அவுட் 90 வினாடி. ஆர்பிஎம் பேக்கேஜின் யூனிட் ஃபைலில் இந்தக் காரணத்துக்காகவே ஸ்டார்ட் டைம்-அவுட்டை எடுத்துவிட்டிருப்பார்கள், சொந்த யூனிட் எழுதியவர்கள் டைம்அவுட்ஸ்டார்ட்செக்=இன்ஃபினிட்டி போட வேண்டும். இல்லாவிட்டால் பாதியில் கொல்லப்பட்டு, மறுபடி ஆரம்பித்து, மறுபடி கொல்லப்பட்டு என்று சுற்றும். 15 முதல் ரெக்கவரி எந்த இடத்தில் இருக்கிறது என்று 10 வினாடிக்கு ஒருமுறை லாகிலேயே எழுதும். அந்த இடம் நகர்ந்துகொண்டிருந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள், கில் -9 அடிப்பதை விட டீ குடிப்பது மேல்.

வெர்ஷன் பொருந்தவில்லை, 13இல் உருவாக்கிய டேட்டாவை 16 படிக்காது என்று வந்தால் எதுவும் கெடவில்லை. பழைய வெர்ஷனின் சர்வீஸை ஸ்டார்ட் செய்யுங்கள், பிஜி_அப்கிரேடை நிதானமாக வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

செக்பாயிண்ட் ரெக்கார்டையே படிக்க முடியவில்லை என்ற அளவுக்குப் போய்விட்டால் யாராவது பிஜி_ரீசெட்வால் (வால் ஃபைல்களை வீசிவிட்டு சர்வரை வலுக்கட்டாயமாக எழுப்ப உதவும் கருவி) ஓட்டச் சொல்வார்கள். முதலில் பேக்கப் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதிலிருந்து மீட்பதே வழி. அதுவும் இல்லாமல் வேறு கதியே இல்லை என்றால், சர்வர் நின்ற நிலையில் டேட்டா டைரக்டரி முழுவதையும் வேறு டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டு, நகலில் ஓட்டிப் பாருங்கள், அசலில் வேண்டாம். அது எழும்பினாலும் அப்ளிகேஷனை அதில் இணைக்காதீர்கள்; பிஜி_டம்ப் எடுத்து, புதிதாக இனிட்டிபி செய்த கிளஸ்டரில் ஏற்றி, எந்தெந்த டேபிளில் எது விட்டுப்போயிருக்கிறது என்று சரிபார்த்த பிறகு இணையுங்கள்.